ஆறு மீட்டர் நாடா

அக்டோபர் பாதியில்
மூன்றாம் வரிசை அலமாரியைக் காலி செய்கிறேன்.
புல்வெட்டிக் கத்திகள் உள்ளே போகின்றன,
பனிவாரிகள் வெளியே வருகின்றன.
அலூக்ஸ்னேயில் பருவத்தை மாற்றுவது
வானம் என்று யார் சொன்னது?
நானும் சக்கரம் கீச்சிடும் ஒரு தள்ளுவண்டியும்தான்.

இருபத்தோரு வருடமாகக் கல்லாவில் இருக்கிறேன்.
யார் வீட்டில் எந்தப் பக்கம் காற்று நுழையும் என்பது
எனக்கு அத்துப்படி.
ஆசிரியர் கிர்ட்ஸ் எலிப்பொறி வாங்கினால்
நிலவறையில் உருளைக்கிழங்கு இறங்கிவிட்டது.
தபால்காரி வெல்டா காலணியில் மாட்டும் முள் கேட்டால்
அன்று காலை ஏரிக்கரைச் சாலையில் விழுந்திருக்கிறாள்;
விலை கேட்கமாட்டாள்,
ஒரு கை இடுப்பிலேயே இருக்கும்.
மெழுகுவத்தியில் இரண்டு ரகம்:
கரண்ட் போனால் ஏற்ற,
நவம்பரில் கல்லறையில் ஏற்ற.
சிக்கனக்காரர்கள் இரண்டுக்கும் ஒன்றையே வாங்குவார்கள்.
செத்தவர்கள் இதுவரை புகார் செய்ததில்லை.

இந்த வருடம் ரோவன் மரம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது,
குளிர் கடுமையாம்.
போன வருடம் காய்க்கவே இல்லை,
அப்போதும் அதையேதான் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆவுஸ்மா வந்தாள்.
ஜன்னல் இடுக்கில் ஒட்டும் நுரை நாடா,
பழுப்பு நிறம், ஆறு மீட்டர்,
இரண்டு யூரோ எண்பது.
"சமையலறை ஜன்னல்" என்றாள், நான் கேட்காமலே.
"ராத்திரியானால் அவருக்கு முழங்கால்..."
மீதியைச் சொல்லாமல் சில்லறை எண்ணினாள்.

ஜூனில் படகை அவர் விற்றதிலிருந்து
அந்த வீட்டில் பேச்சு இல்லை. ஊருக்கே தெரியும்.
அவள் ஒரு ரொட்டி வாங்குவாள், அவர் ஒரு ரொட்டி வாங்குவார்.
பேக்கரிக்கு யோகம்.

அன்றே மூன்றரைக்குத் தாலிவால்திஸ்,
தொப்பி விளிம்பில் மழை சொட்ட.
அதே நாடா. அதே பழுப்பு.
"சமையலறையில், அந்த நாற்காலிப் பக்கம் காற்று அடிக்கிறது" என்றார்.
யாருடைய நாற்காலி என்று சொல்லவில்லை.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
கடைக்காரியின் வேலை விற்பது, அவ்வளவுதான்.
அது பொய்.
யார் முதலில் ஒட்டுவார் என்று பார்க்க ஆசை.

சனிக்கிழமை அவள் பிரிக்காத சுருளோடு வந்தாள்.
"தேவைப்படவில்லை. மேஜைமேல் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது."
பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
திங்களன்று அவர், பிரிக்காத சுருளோடு.
"மேஜைமேல் ஒன்று இருந்தது" என்றார்.
இருந்தது.
அந்தச் சொல்லை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.
அதற்கும் பணம் கொடுத்தேன்.

அன்றிரவு மைனஸ் ஒன்பது.
என் படுக்கையறை ஜன்னலில் செருகிய பழைய காலுறை
விறைத்துப்போயிருந்தது.
ஆமாம், ஊருக்கு நாடா விற்கிறவள் வீட்டில் காலுறைதான்.
படுத்துக்கொண்டு நினைத்தேன்:
பேசாத இரண்டு பேர்,
மூடாத ஒரு ஜன்னல்,
நடுவில் மாட்டிய காற்றுக்குத்தான் எத்தனை குஷி.

செவ்வாய் காலை வாசலில் அவர்களுடைய கார்,
எஞ்சின் ஓடியபடி. முன் இருக்கையில் அவள்.
அவர் மட்டும் உள்ளே வந்தார்.
"அந்த நாடா."
"எத்தனை?"
சின்னக் கேள்விதான். அவரிடம் பதில் இல்லை.
தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்,
திரும்பி வெளியே போய்
கார்க் கதவைத் திறந்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்காது.
ஆனால் குளிரில் பேச்சுக்கு உருவம் உண்டு:
முதலில் அவர் வாயிலிருந்து கொஞ்சம் ஆவி.
பிறகு அவள் பக்கமிருந்து நிறைய.
நிறைய என்றால், நிறைய.
படகும் அதில் இருந்திருக்கும்.
வரிசையில் நின்ற வெல்டா கடிகாரத்தைப் பார்த்தாள்;
பொறு என்று கை காட்டினேன்.

"ஒன்று போதுமாம்" என்றார் திரும்பி வந்து,
மூக்கு சிவந்து.
அந்த 'ஆம்' ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்தது.

இன்னொரு சுருள் அலமாரிக்குப் போகவில்லை.
இரண்டு யூரோ எண்பது,
என் கணக்கில்.