நூற்றெண்பதிலிருந்து இருநூறு

முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடக்கூடாது.
படிக்க மட்டும்.
அது விதி.

கோத்தகிரியில் இரவு இரண்டேகால்.
பெண்கள் வார்டில் கட்டில் ஒன்பது, ஹீட்டர் ஒன்று.
வெளியே மிஸ்டு இறங்கி ஆம்புலன்ஸை மூடிவிட்டது,
நம்பர் பிளேட்டில் கடைசி இரண்டு எண் மட்டும் மிச்சம்.
மருந்து டிராலியின் மேல் மாதிரிக் கேள்வித்தாள்:
திரு. ஹாரல்ட் பிம், வயது எழுபத்தெட்டு.
இடுப்பெலும்பு முறிவு, அறுவை முடிந்து ஆறாம் நாள்.
பென்சிலின் ஆகாது.
மனைவி இறந்து இரண்டு வருடம்.
புறா வளர்க்கிறார்.

இவரை நான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்,
பார்த்திராத ஊரின் பார்த்திராத நர்ஸுக்கு
ஒரு கடிதம் எழுதி,
நாற்பது நிமிடத்தில்,
நூற்றெண்பதிலிருந்து இருநூறு சொல்லுக்குள்.

திருச்சூரிலிருந்து திருத்தி அனுப்பும் லின்சன்
என்னைவிட நான்கு வயது இளையவன்.
போன வாரம் சிவப்பில் எழுதியிருந்தான்:
'புறா எதற்கு சிஸ்டர்?
அது பொறி.
விடத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.'
கீழே, சின்னதாக:
'பதினொரு இடத்தில் "தி" காணோம்.'

காணாமல்தான் போகும்.
கதவு என்றால் எங்களுக்குக் கதவு,
எந்தக் கதவு என்று கேட்டால் கையை நீட்டுவோம்.
இங்கே ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் வாசலிலும்
ஒரு வாட்ச்மேனை நிறுத்த வேண்டியிருக்கிறது.

நாலாம் கட்டிலில் மிச்சியம்மா, நெடுகுளா.
கொழுந்து மூட்டையோடு சரிவில் சறுக்கி
வலது கணுக்காலில் பிளேட்.
காலையில் டிஸ்சார்ஜ்.
டாக்டர் எழுதியது ஒன்றரை வரி,
அதில் அரை வரி கையெழுத்து.

ஹாரல்ட் பிம்மைக் கவிழ்த்து வைத்தேன்.
ஐந்து நிமிடம் மிச்சியம்மாவைப் படித்தேன்,
பேனா தொடாமல்.

ஊன்றுகோலைக் கைக்கு எட்டாத சுவரோரம்
அவரேதான் தள்ளி வைத்திருக்கிறார்.
தலையணைக்கடியில் போன்.
பக்கத்து வீட்டுக்கு மாலையில் மூன்று தடவை பேசினார்,
மூன்று தடவையும் கால் பற்றி இல்லை,
கன்றுக்குட்டி தண்ணீர் குடித்ததா என்றுதான்.
கொட்டகை வீட்டுக்குக் கீழே.
பதினேழு படி.
ஒருநாள் ஊசி போடும்போது சொன்னது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது:
புறாக்கூடு தரையிலா இருக்கும்?
மாடியில், அல்லது தோட்டத்துக் கம்பத்தின் மேல்.
வீட்டுக்குப் போன மறுநாள் விடியலில்
பிம் ஏணியில் ஏறுவார், இடுப்பில் புது ஆணியோடு,
கையில் ஒரு குவளைத் தானியம்.
புறா பொறி இல்லை லின்சன்.
புறா ஏணி.

எழுதினேன். நாற்பத்து நான்கு நிமிடம்.
நடுவில் ஏழாம் கட்டிலுக்கு சலைன் மாற்றியதில்
போனது ஆறு நிமிடம்.
எண்ணினால் இருநூற்றுப் பதினான்கு சொல்.
'மிகவும்' இரண்டை அடித்தேன்.
'தயவுசெய்து' ஒன்றை அடித்தேன்.
படிகளைத் தொடவில்லை.

சனிக்கிழமை கோயம்புத்தூரில்
புறாவை விட்டுவிடுவேன், பொய் சொல்ல மாட்டேன்.
எனக்கு பி வேண்டும்.
நகை அடகில் இருக்கிறது,
ஏஜென்ட்டுக்குப் பாதிப் பணம் போய்விட்டது,
லீட்ஸில் ஒரு வார்டு காத்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கடிதம் லீட்ஸ் போகவில்லை.
காலை ஏழரை பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து
நெடுகுளா துணை சுகாதார நிலையத்துக்குப் போகிறது.
அங்கே இருக்கிற செவிலி யாரென்று தெரியாது.
என் ஆங்கிலத்தை அவர் எந்தத் தவறோடு படிப்பாரோ.
அதனால் அடியில்,
கையெழுத்துக்கும் கீழே, தமிழில் எழுதினேன்:

கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும்வரை
இவர் படி இறங்குவார்; தடுக்க முடியாது,
கைப்பிடி கட்டச் சொல்லுங்கள்.

பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன்.
பன்னிரண்டு.
ஒரு 'தி'யும் விடுபடவில்லை.