ரிவெட் கணக்கு

இடப்பக்கம் முப்பத்தொன்று.
வலப்பக்கம் முப்பத்து மூன்று.
இரண்டு ஏன் கூட என்று
டெல்பர்ட்டிடம் நான் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து மூன்றின் ஜூலையில்
வேனுக்குப் பாவாடை கட்டப் போகிறேன் என்று
ஹாலிஃபாக்ஸிலிருந்து ஃபைபர் கிளாஸ் தகடுகள் ஏற்றிவந்தான்.
நாலு சக்கரத்துக்கும் புடைத்த புருவம்,
முன்னால் ஒரு தாடை,
விலா முழுக்கக் கறுப்பு அலை.
மேட்டில் இரண்டாம் கியருக்கு இறங்கி முனகும் வண்டி
பந்தயக்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு
பெட்ரோல் பங்கில் நின்றது.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் உள்ளே கெட்டிலைத் தேடுவதுபோல்
குனிந்துகொண்டேன்.

பிரிந்தபோது வீடு அவனுக்கு, வண்டி எனக்கு.
'வாகனம், ஒன்று' என்று எழுதினார் வக்கீல்.

இன்று லியோட்டா ஸ்விக்கர் டிரில்லோடு வந்திருக்கிறாள்,
லூனன்பர்க் மீன் ஆலையில் இருபது வருஷம் கத்தி பிடித்தவள்.
"தலையிலிருந்தா, வாலிலிருந்தா?"
வாலிலிருந்து.

ரிவெட்டின் நடுவில் முனையை வைத்தால்
முதலில் வழுக்கும். பிறகு ஒரு கீச்சு.
தொப்பி கழன்று
டிரில் முனையிலேயே மோதிரமாய்ச் சுற்றும்.
உருவி டின்னில் போடுகிறேன்.
ரொம்பச் சூடு, விரலில் வைத்திருக்க முடியாது.

பசைதான் பாடாய்ப் படுத்துகிறது.
ரிவெட்டை நம்பாமல் பசை,
பசையை நம்பாமல் ரிவெட்.
அவன் அப்படித்தான். பூட்டிய கதவை
மூன்று தரம் இழுத்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.
ஹீட் கன்னைக் காட்டி, இடுக்கில் கம்பியை விட்டு
ஆளுக்கொரு முனை பிடித்து அறுக்கிறோம்.
மஹோன் விரிகுடாப் பக்கம் மேகம் கறுக்கிறது.
பேச்சில்லை.

வலப்பக்கத் தகடு விழும்போது
கூடவே ஒரு வாளி மண்ணும் விழுந்தது.
பத்தொன்பது குளிர்காலத்துச் சாலை உப்பு,
பைன் ஊசிகள்,
ஏதோ எலி கடித்துச் சேர்த்த வரைபடக் கந்தல்
(கேப் பிரெட்டன் எங்கே தொலைந்ததென்று
அந்த வருஷம் எவ்வளவு சண்டை).

பின்சக்கரத்துக்கு முன்னால் ஓர் ஓட்டை.
முழுப் பூசணிக்காய் நுழையும்.
லியோட்டா விசிலடித்தாள்:
"இதை மறைக்கவா இத்தனை ஜோடனை?"
ஆமாம் என்று வாயெடுத்தேன்.
கோபத்துக்கு நல்ல இடம் கிடைத்ததில்
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கோடுகள்.
மார்க்கர் பேனாவில், ஓட்டையைச் சுற்றி
ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள்,
ஒவ்வொன்றின் மேலும் அவன் சாய்வெழுத்து.
உள்வட்டத்தைத் துரு தின்றதுபோக
'லை 2003' மட்டும் மிச்சம்.
அடுத்தது ஏப்ரல் 2008, அதிலும் பாதி.
வெளியே ஏப்ரல் 2019.

லியோட்டா தகட்டைப் புரட்டினாள்.
அந்த மூலையில் மட்டும் பசையே இல்லை.
துளைகளைத் திரும்பத் திரும்பத் துளைத்து அகலமாக்கி,
பிடிக்காமல் போனபோது
பக்கத்திலேயே இரண்டு புதிய துளை.

முப்பத்து மூன்று.

உப்புக்காலம் முடிந்ததும் ஆயில் மாற்றுகிறேன் என்று
கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.
ஆயிலுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.
எனக்கும் தெரியும்.
திறந்திருக்கிறான், பார்த்திருக்கிறான்,
வட்டம் போட்டிருக்கிறான்,
மூடியிருக்கிறான்.
ராத்திரிச் சாப்பாட்டில் கை சோப்பு வாசம் அடிக்கும்.
ஒன்றும் சொன்னதில்லை.
நானும், என் பங்குக்கு, சிலதைச் சொன்னதில்லை.

தூறல் விழுந்து டின்னில் ரிவெட்டுகள் சத்தமிட்டன.
கறுப்பு அலையைக் கோழிக்கூட்டுக்குக் கேட்டாள் லியோட்டா.
கொடுத்துவிட்டேன்.

வெல்டர் ஹார்லனுக்குப் போன் போட்டேன்.
"ஓட்டை எவ்வளவு பெரிசு?"
எந்த வருஷத்தில் என்று கேட்டிருப்பேன்,
அவருக்கு அவசரம்.
"துருவை அளக்காதே," என்றார்,
"நல்ல இரும்பு எங்கே தொடங்குதோ அங்கேயிருந்து."

நாடாவை இழுத்துக்கொண்டு
2019க்கு வெளியே,
சுத்தியலால் தட்டித் தட்டி
சத்தம் மாறும் இடத்தைத் தேடுகிறேன்.