ரூட் என்ற பெயருக்கு

சனிக்கிழமை ராத்திரி. புளியரையில் சாரல்.
கறுப்புத் திரையின் அடியில்
'உமக்கு அஞ்சல் வந்திருக்கிறது' என்றது பெட்டி.
இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.
லாரியின் பின்பக்கத்து 'ஒலி எழுப்புக' மாதிரி
வாசிக்காமலே வாசித்துப் பழகிவிட்டேன்.

அன்றைக்கு ஏனோ திறந்தேன்.
எழுநூற்றுப் பதினாலு கடிதங்கள்.
எல்லாம் விடியக்காலம் இரண்டேகால் மணிக்கு எழுதியவை,
எல்லாம் ரூட் என்கிற ஒருவருக்கு.
'பில்களை நகலெடுக்கப் போனேன். டிஸ்க்கில் இடமில்லை.'
மறுநாளும் போயிருக்கிறது. இடமில்லை.
பெருநாள் அன்றைக்கும் போயிருக்கிறது.
நான் நெய்ச்சோறு தின்றுவிட்டுத் தூங்கிய ராத்திரி அது.

ரூட் யார்?
இந்த வீட்டில் நானும் ஜுனைதாவும்தான்.
தங்கச்சனிடம் போனில் சொன்னேன்,
ஆரியங்காவில் ஏழு லாரி வைத்திருப்பவர்,
அவருடைய பில்கள்தான் பெட்டியில் பாதி.
'ஏது ரூட்டு சாரே? புனலூரோ, குளத்துப்புழையோ?'

ரூட்டுக்கு வருவதையெல்லாம் எனக்குத் திருப்பிவிட
ஒரு வரி போதும்:
ரூட், முக்காற்புள்ளி, என் முகவரி.
ஒரு வரிதானே என்று உட்கார்ந்தேன்.

முதல் கடிதம் இருபத்தஞ்சாம் வாசலில் நின்றது.
நெட் கம்பெனிக்காரன் பூட்டிவைத்த வாசல்;
வீட்டுக் கம்ப்யூட்டர் நேரே தபால் போடக் கூடாதாம்.
செக்போஸ்ட் பார்க்காதவனா நான்?
பெரிய சர்வர் ஒன்றின் பெயரை எழுதிக்கொடுத்து
ஐந்நூற்று எண்பத்தேழு வழியாகப் போ என்றேன்.
பதினாறு எழுத்துக் கடவுச்சொல் கேட்டார்கள். கொடுத்தேன்.
எந்த ஊர் என்று கேட்டார்கள்.
குண்டாறு, என்றது பெட்டி.
வாங்கிய அன்றைக்கு நான் வைத்த பெயர்.
'அப்படி ஓர் இடம் உலகத்தில் இல்லை'
என்று திரும்பி வந்தது கடிதம்.

காற்று நின்ற நேரம்
ஜன்னல் வழியே கேட்டது,
இல்லாத இடத்தில் அணை நிரம்பி வழிகிற சத்தம்.

சரி, வெளியே போகும்போது மட்டும் வேறு பெயர் சொல் என்று
இன்னொரு கோப்பில் எழுதினேன்.
சுபுஹு பாங்கு சொல்லும்போது
வரிசை காலியாகிவிட்டிருந்தது.
போனில் ஒன்றுமில்லை.
தேடித் தேடிக் கடைசியில்
குப்பைத் தபாலில் கிடந்தது,
பரிசுச் சீட்டுக்கும் முடி வளர்க்கும் தைலத்துக்கும் நடுவில்
என் வீட்டுப் பெட்டி எனக்கு எழுதிய முதல் கடிதம்.

பழைய படங்களை அழித்து இடம் பண்ணினேன்.
அதற்கப்புறம் மூன்று நாள்
ஒரு வார்த்தை கிடையாது.
காரியம் நல்லபடி நடந்தால் வாய் திறக்காதது அதன் சுபாவம்.
வழி அடைத்துக்கொண்டாலும் இதே அமைதிதான்.
எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிக்க?
தினம் ராத்திரி நகல் முடிந்ததும்
'இருக்கிறேன்' என்று ஒரு சொல் அனுப்பச் சொல்லி வைத்தேன்.

ஜுனைதா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
'எஸ் வளைவு தாண்டினா நீங்களும் அப்படித்தான்.
சாயங்காலம் வரைக்கும் சத்தம் காட்டமாட்டீங்க.'
சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்,
கேஸ் அடுப்பில் எதுவோ பொங்கியிருக்கவேண்டும்.

புதன்கிழமை புனலூர் பஸ்.
கோட்டைவாசலில் டவர் போய்
ஆரியங்காவில் கேரளா டவர் பிடித்தபோது
சட்டைப்பை அதிர்ந்தது.
இரண்டேகால் மணித் தபால்: 'இருக்கிறேன்.'
அதை அப்படியே ஜுனைதாவுக்குத் திருப்பிவிட்டேன்,
ஒரு எழுத்தும் சேர்க்காமல்.

உடனே வந்தது பதில்:
'இது பெட்டியா, நீங்களா?'

தட்டி முடிப்பதற்குள் கழுதுருட்டி வளைவு,
சிக்னல் இல்லை.
என் பதில்
வரிசையில் நிற்கிறது.