படகு அவனுக்கு, ட்ரெய்லர் எனக்கு

பங்கு பிரித்ததில்
படகு வெர்லினுக்குப் போனது.
அதை ஏற்றி இறக்கும் ட்ரெய்லர் எனக்கு வந்தது.
நீதிபதி
ஒருநாளும் மீன்பிடிக்கப் போனதில்லை போலும்.

கெளுத்திப் பந்தயத்துக்குக் கட்டிய முந்நூறு டாலர்
யார் பங்கிலும் வரவில்லை.
பிப்ரவரியில் கட்டியது. திருப்பித் தரமாட்டார்கள்.
பதிவேட்டில் இன்னும்
ஸ்டாம்பர், வெர்லின் - நோரீன்
ஒரே வரியில்.

அக்டோபர். சனிக்கிழமை. விடிய இன்னும் நேரமிருந்தது.
ஒஹாயோ நதியில் எழுபத்திரண்டு படகுகள்
புகை கக்கிக்கொண்டு நின்றன.
நாங்கள் நின்ற கென்டக்கிக் கரையில் மூடுபனி,
எதிரே இந்தியானா இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.
ட்ரெய்லரைப் பின்னால் இறக்கினேன்.
அவன் கைகாட்டவில்லை,
நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.
பத்தொன்பது வருடம் இறக்கிய இறக்கம்.

ஒலிபெருக்கியில் விதிகள் வாசித்தார்கள்.
ஐந்து மீன்,
முப்பத்துநாலு அங்குலத்தைத் தாண்டியவை இரண்டே இரண்டு,
எல்லாம் உயிரோடு எடைமேடைக்கு வரவேண்டும்.
செத்ததற்கு எடை கிடையாது.
இதை என் வக்கீல் கேட்டிருக்க வேண்டும்.

மின்நிலையத்துக்குக் கீழே, ஆறு வளையும் மடுவில்
நங்கூரம் போட்டோம்.
இரைமீனை அவன் நறுக்கினான்.
தலைத்துண்டை, நான் கேட்காமலே,
என் பக்கம் தள்ளினான்.
பேசியது மொத்தம் மூன்று சொல்:
"ஆழம்?"
"முப்பத்தெட்டு."
"சரி."

ஒன்பதரைக்கு என் தூண்டில்
தண்ணீரைக் கும்பிட்டது.
பிறகு நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்,
எடைச்சீட்டு இருக்கிறது, நம்பலாம்:
ஐம்பத்தொரு பவுண்டு நீலக் கெளுத்தி.
தொட்டிக்குள் கிடந்து
மூடி திறக்கும்போதெல்லாம்
வயிற்றிலிருந்து ஒரு முனகல் முனகியது,
வாடகை கேட்க வந்தவனைப் பார்த்த மாதிரி.

பத்தே முக்காலுக்குத் தொட்டியின் காற்றுப் பம்பு நின்றது.
பேட்டரி.
அது என் கராஜில் இருந்தது, ஆகவே நான் என்று அவன் நினைத்தான்.
அது அவன் படகினுடையது, ஆகவே அவன் என்று நான்.
பதினாலு பக்கத் தீர்ப்பில்
பேட்டரி என்ற சொல்லே இல்லை.

வாளியை எடுத்தேன்.
மொண்டு, தோளுக்கு மேல் தூக்கி, ஊற்றினால்
விழுகிற நீர் கொஞ்சம் காற்றைக் கூட்டிக்கொண்டு போகும்.
இருநூறு வாளி நான், இருநூறு அவன்.
நடுவில் அவனுடைய தூண்டில் ஒன்று
வளைந்து, நடுங்கி, நிமிர்ந்துவிட்டது.
இருவரும் பார்த்தோம். யாரும் எழவில்லை.
நிலக்கரிப் பார்ஜ்கள் வரிசையாகக் கடந்தபோது
படகு தூக்கிப் போட்டது.
என் மிதவைச் சட்டையின் பட்டையைப் பிடித்தான்.
அலை போனதும் விட்டான்.

மூன்று மணிக்கு எடைமேடை.
செவுள் அசைந்துகொண்டிருந்தது.
மற்ற இரண்டும் குஞ்சுகள், சொல்வதற்கில்லை.
பதினான்காம் இடம். பரிசு பன்னிரண்டு வரைக்கும்தான்.
பெரிய மீனுக்கான ஆயிரம் டாலரை
பதூகாவிலிருந்து வந்த ஒரு பல்செட் செய்கிறவன்
ஐம்பத்துநாலு பவுண்டில் தட்டிப் போனான்.
"ஸ்டாம்பர் தம்பதிக்குக் கைதட்டுங்கள்" என்றது மைக்.
திருத்துவதற்குள்
அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆற்றில் விட்டபோது
என் முழங்கையில் சாய்ந்து கொஞ்சநேரம் கிடந்தது.
மீசை மட்டும் அசைந்தது.
பிறகு ஒரே அடி, வாலால்,
இருவர் முகத்திலும் சேறு.
நன்றி என்றெல்லாம் எழுதமாட்டேன். மீன்.

சாய்தளத்தில் பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.
ட்ரெய்லரை நீருக்குள் இறக்கினேன்,
படகை அதன்மேல் ஓட்டி ஏற்றினான்,
கொக்கியை மாட்டினேன்.
அவன் இப்போது இருக்கும் இடம்
இருபத்தாறு மைல், என் வழிக்கு எதிர்த்திசை.

பேட்டரியைக் கழற்றி
என் பிக்கப்பின் முன்சீட்டில் வைத்து
என்னவோ சொன்னான்.
நீ சார்ஜ் போடு என்றானா,
நான் போட்டுக்கொள்கிறேன் என்றானா,
டீசல் இரைச்சலில் கேட்கவில்லை.

கேட்டதுபோல் தலையாட்டினேன்.