ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது

இரவு இடி விழுந்தது பாலிநகர்ப் பக்கம்.
கரண்ட் போய், வந்து, திரும்பப் போய்
மூன்றாம் தரம் வந்தபோது
மல்லாவிப் பால் சேகரிப்பு நிலையத்தின் கொம்பியூட்டர் எழும்பியது.
சேர்வர் எழும்பவில்லை.

ஐந்தே கால். வெளியில் பதினெட்டுச் சைக்கிள்,
கான்கள் கரியரில் முட்டுகிற சத்தம்.
பவுசர் ஆறரைக்கு வரும், ஒருவருக்கும் நிற்காது.
கொழுப்பு அளக்கிற மெஷின் தயார், தராசு தயார்,
கணக்கு ஏறவேண்டிய பக்கம் மட்டும்
வெள்ளையாய்ச் சுற்றுகிறது.

"கொப்பியில எழுதி விடன் தங்கச்சி"
என்கிறார் சபாநடேசன்.
கொப்பியைப் போன மாரியில் கறையான் தின்றது.
அதனால்தான் இந்தப் பெட்டியே வந்தது.
அவருக்கும் தெரியும்.

தட்டுகிறேன்: தொடங்கு.
அது சொல்கிறது:
ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது, செயல் இலக்கம் 2316.

ஓடவில்லை.
பக்கத்தைத் திறந்தால் இணைப்பு மறுக்கப்பட்டது.
திரும்பத் தொடங்கு என்றால்
திரும்பவும் அதே வரி,
சத்தியக் கடதாசி முடித்த ஆள் மாதிரி
ஒரு சொல் பிசகாமல்.

வவுனியாவுக்கு அடித்தேன், இர்ஷாட்டுக்கு.
நித்திரைக் குரல். பின்னால் குழந்தை அழுகிறது.
"லொக்கைப் பார்."
பார்த்தேன். இரவு ஒன்று நாற்பத்தேழு வரை எல்லாம் ஒழுங்கு.
பிறகு ஒன்றுமில்லை.
நிற்கிறேன் என்று ஒரு வரி எழுத
அதற்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

"இப்ப 2316 ஆர் எண்டு கேள்."
கேட்டேன். பிரிண்டர்.
விடிய எழும்பிய பிரிண்டர் வேலைக்கு
வரிசையில் விழுந்த இலக்கம்.
இன்னொருவர் வைத்திருந்தது என்று
அதற்கு எப்படித் தெரியும்.

"சேர்வர் எழும்பேக்க தன்ர இலக்கத்தை
ஒரு சின்ன ஃபைலில எழுதி வைக்கும்.
ஒழுங்கா நிண்டால் தானே அழிச்சிட்டுப் போகும்.
இது ஒழுங்கா நிக்கேல்ல.
நீ அழி."

திறந்து பார்த்தேன்.
நாலு இலக்கம், ஒரு வெற்று வரி. வேறொன்றுமில்லை.

வரிசையில் ஏழாவதாக யூடித் அக்கா.
நாற்பத்தொன்று அவவின் இலக்கம்.
அப்படிச் சொல்வதும் பிழை.
நாற்பத்தொன்று: அருளப்பு கிருபைராஜா.
நிலை: செயலில்.
சங்கத்தின் பழைய பட்டியலில் கிடந்தபடி
நான்தான் ஏற்றினேன்.
பெயர் மாற்ற மரணச் சான்றிதழ் வேண்டும் என்று
சங்கம் மூன்று கடிதம் போட்டது.
மூன்றையும் மடித்து
கான் மூடி இறுக வைத்திருக்கிறா.
ஒரு துளி பால் சிந்துவதில்லை.

"நேரம் என்ன பிள்ளை?"
"அஞ்சு ஐம்பது அக்கா."

அழிக்கவா என்று கேட்டது திரை.
"அது ஃபைல் மட்டும்தான், ஆளில்ல" என்று
இர்ஷாட் கொட்டாவிக்குள் சொன்னான்.
என் விரல் அங்கே கொஞ்சம் நின்றது.
பிறகு, இல்லை கொடுத்தேன்.
அந்த ஃபைலின் பெயருக்குப் பின்னால்
பழசு என்று சேர்த்து
வேறொரு ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்தேன்.
"அதுவும் காணும்," என்றான் அவன்,
"உன்ர விருப்பம்."

தொடங்கு.

வெள்ளை இன்னும் ஒரு தரம் சுற்றி
நீலத் தலைப்போடு பக்கம் வந்தது.
சேர்வருக்குப் புது இலக்கம், 3902.
நேற்றைய பின்னேரக் கணக்கில் ஒன்பது வரி குறைந்தது.
அதை ஆட்களிடமே கேட்டு எழுதலாம்,
பால்காரர் லீற்றர் மறப்பதில்லை.
சபாநடேசன் தேத்தண்ணிக்குச் சீனி போட்டார், இரண்டு முறை.

ஆறு பத்து. நாற்பத்தொன்று அடிக்கிறேன்.
லீற்றர் ஐந்தே முக்கால், கொழுப்பு நாலு தசம் இரண்டு.
2316 கிறீச்சிட்டு அசைந்து
துண்டைத் துப்பியது,
பெயர் அருளப்பு கிருபைராஜா, நன்றி.

யூடித் அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து
எழுத்து எழுத்தாய்ப் பார்த்தா.
"போன கிழமை ரு விட்டுப் போட்டியள்.
இண்டைக்குச் சரி."

பவுசர் சந்தியில் கோர்ன் அடிக்கிறது.
இன்னும் பதினொரு பேர்.