டூப்ளிகேட் சாவி

லாரன்ஸ் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே
பாடலி பைனான்ஸ் என்று போர்டு தொங்கிய காலத்தில்
நான் வண்டி தூக்குகிறவன்.
மூன்று தவணை தவறினால் முதலாளி என்னை அனுப்புவார்.
விடியுமுன் நாலரைக்குப் போவேன்.
தூங்குகிற வீட்டு வாசலில் தூங்குகிற ஆட்டோ.
டூப்ளிகேட் சாவி போட்டு, சத்தமில்லாமல்
தெருமுனைவரை தள்ளி, அங்கேதான் கிளப்புவேன்.
திருட்டு இல்லை. பத்திரத்தில் எட்டாவது ஷரத்து.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை.
ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை.
மதியம் தயிர்சாதம், ஒரே ஒரு மாவடு.
சிவப்புப் பேனாவால் பேரேட்டில் கோடு போடுவார்;
அந்தக் கோட்டுக்குக் கீழே
யார் பெயர் வந்தாலும்
அவர்கள் வாசலுக்கு நான் வருவேன்.

புயல் போய் கரண்ட் வராத வாரம்.
வேலை ஏதுமில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து சாவிகளை எண்ணினார்.
இருநூற்றுப் பதினேழு.
ஒவ்வொன்றிலும் நூல்கட்டிய அட்டை,
அட்டையில் என் கையெழுத்து.
மறுபடி எண்ணினார்.
"இதில எத்தனை வண்டி நம்மகிட்ட இருக்கு?"
"ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் ஏலத்துல போச்சு."
"அப்புறம் சாவி எதுக்கு?"

ஊர் என்னென்னவோ சொல்கிறது:
கிட்னி போச்சாம், ஜோசியர் சொன்னாராம், வருமான வரியாம்.
எனக்குத் தெரிந்தது
அந்த மெழுகுவர்த்தியும் டின்னும்தான்.

கடையை மூடினார். ஓ.டி. கிடங்கை விற்றார்.
மஞ்சக்குப்பத்தில் ஆறு டயாலிசிஸ் மிஷின்,
கெடிலக்கரையில் பிள்ளைகளுக்கு விடுதி.
கல்வெட்டு வேண்டாம், கட்டிலுக்கு நம்பர் போதும் என்றார்.
எனக்கு அதே சம்பளம், அதே பைக், அதே பேரேடு.
"எடுத்த வீட்டுக்கெல்லாம் போ. இப்போ குடுத்துட்டு வா."

அதுதான் கஷ்டம்.
என் பைக் சத்தம் தெரிந்த தெருக்களில்
கதவுகள் இன்னும் சாத்திக்கொள்கின்றன.
வண்டிப்பாளையத்தில் ஒருவர் கொல்லைப்பக்கமாக ஓடினார்,
அறுபத்தைந்து வயசு, செருப்பை விட்டுவிட்டு.
துரத்திப் பிடித்துத்தான் கவரைக் கொடுத்தேன்.
அவர் இருமினார். நானும் இருமினேன்.
"எங்கே கையெழுத்து போடணும்?" என்றார், பயந்தபடி.

சிங்காரத்தோப்பு அஞ்சலாட்சி ஓடவில்லை.
மீன் கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
உள்ளே போய் நாற்பது பக்க நோட்டோடு வந்தாள்.
படகு என்ஜினுக்கு வாங்கியது, கட்டியது,
கட்டி முடித்தபிறகும் கட்டியது,
என்ஜின் போன தேதி,
புருஷன் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏறிய நாட்கள்,
எல்லாம் மகள் கையெழுத்தில்.
"தர்மம்னா எடுத்துட்டுப் போ.
பாக்கின்னா எண்பத்து மூவாயிரத்து நானூறு.
வட்டி போடல. எனக்கு அந்தக் கணக்கு தெரியாது."
நோட்டைக் கேட்டேன்.
"உங்ககிட்ட காகிதம் குடுத்துத்தான்யா கெட்டோம்."
செல்போனில் படமெடுத்துக்கொண்டு வந்தேன்.

முதலாளி ஒரு ராத்திரி வைத்திருந்தார்.
காலையில் தன் ரேட்டிலேயே
பதினான்கு வருஷத்துக்கு வட்டி போட்டிருந்தார்.
கூட்டலில் ஒரு தப்பு. காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் திருத்தினார்;
அவளுக்கு நூற்றிருபது ரூபாய் குறைந்தது.
"கணக்கு கணக்குதான். ரசீது வாங்கிட்டு வா."
அஞ்சலாட்சி விரல்விட்டு இரண்டு தரம் எண்ணி
ரசீது எழுதித் தந்தாள். நன்றி என்று அதில் இல்லை.
முதலாளி அதைப் பேரேட்டில் ஒட்டினார்,
ஓரம் பிசகாமல்.

டின்னில் இப்போது ஒன்பது சாவி மிச்சம்.
பத்தாவது என் சட்டைப்பையில்:
கம்மியம்பேட்டை வேதவனம், ஷேர் ஆட்டோ.
மகளுக்குக் காது குத்தின அன்று தூக்கினேன்.
பந்தலுக்குக் கட்டிய வாழைமரம்
வண்டியில் உரசியது ஞாபகம்.
வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் டவர்.
திருப்பூர் என்கிறார்கள், இல்லை கேரளா என்கிறார்கள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டு வாசலில்
ஒரு பின்கழுத்து அவர் மாதிரியே இருந்தது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
ஆட்டோ வேகமெடுத்துப் போய்விட்டது.
வேறு யாராகவோ இருக்கலாம்.
என் குரலை அடையாளம் தெரிந்தும் இருக்கலாம்.