மூன்றாம் சதுரம்

கட்டுரை திரும்பி வந்திருந்தது.
ஆறாம் பக்கத்தில்
'சதுர மீட்டருக்குப் பதினெட்டு நண்டு வளை'
என்ற வரிக்கடியில்
பச்சை மையில் ஒரே கேள்வி:
இதை நீ படித்தாயா?

அமலோற்பவம் மேடம் சிவப்பில் எழுதுவதில்லை.
பச்சைதான்.
பச்சை இன்னும் கூசும்.

படிக்கவில்லை.
பெயரும் ஆண்டும் அடைப்புக்குறியும்
வேறொரு கட்டுரையின் வாலிலிருந்து
அப்படியே பிடுங்கி நட்டது.
நாற்று என்றால்
வேரில் கொஞ்சம் மண்ணாவது ஒட்டியிருக்கும்.

திருத்துறைப்பூண்டி விடுதி, இரவு பதினொன்று.
கைபேசியில் ஒரு கோடு சிக்னல்.
ஆற்றை எதிர்த்து நடக்கத் தொடங்கினேன்.

இரண்டாயிரத்துப் பதினாறு
தொண்ணூற்றெட்டைக் கை காட்டியது.
தொண்ணூற்றெட்டில்
'ஏறத்தாழப் பதினெட்டு' என்றிருந்தது.
வரும் வழியில் எந்த மதகிலோ
'ஏறத்தாழ' வண்டலாய்த் தங்கிவிட்டது.

எங்கள் ஊர் கடைமடை.
கல்லணையில் திறந்த தண்ணீர்
வெண்ணாறாகி, மூணாறு தலைப்பில் பிரிந்து
கோரையாறாகி,
யார் யார் வயலிலோ இறங்கி ஏறி
கடைசியாய் எங்களிடம் வரும்.
வந்ததே பெரிது.
எங்கெல்லாம் போய்வந்தாய் என்று
யார் கேட்கிறார்கள்.

தொண்ணூற்றெட்டு எழுபத்தொன்பதைச் சொன்னது.
எழுபத்தொன்பது ஒரு தட்டச்சு அறிக்கை.
ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல்
ஓரத்தில் விழுந்திருக்கிறது,
நகத்தில் பாதி அழிந்த மருதாணி.
பதினான்காம் பக்கம், அடிக்குறிப்பு:
'இருவர். ஒரு நாள். பிற்பகலில் மழை.
எஞ்சிய சதுரங்கள் கணிக்கப்பட்டன.'

எண்ணப்பட்டன அல்ல.
கணிக்கப்பட்டன.

நனைந்து நின்ற இரண்டு பேர் தோள்மேல்
நாற்பது வருடத்துக்கும் மேலாக
எத்தனை பேர் ஏறி நின்றிருக்கிறோம்.

கோபம்தான் முதலில் வந்தது.
யாரிடம் சொல்ல என்று
என் கள நோட்டைத் திறந்தேன்.

ஜாம்பவானோடைப் படகு, காலை ஆறு நாற்பது.
அலையாத்தியின் மூச்சுவேர்களுக்கு நடுவே
பிவிசி குழாயில் கட்டிய சட்டம்.
முதல் சதுரம் இருபத்திரண்டு.
இரண்டாவது பதினொன்று.
மூன்றாவதில் நஸீஹா ஒன்பது வரை எண்ணினாள்,
தண்ணீர் ஏறிவிட்டது.
'ஏறிடுச்சுன்னே எழுதுடி' என்றாள்
முழங்கால் சேற்றுக்குள்
ஒற்றைச் செருப்பைத் துழாவிக்கொண்டே.
சரி என்றேன்.
விடுதிக்கு வந்து
இருபத்தொன்று என்று எழுதினேன்.
சராசரி பதினெட்டில் போய்
அழகாக உட்கார்ந்துகொண்டது.
அச்சில் வந்த எண் ஆயிற்றே,
நான் யார் மாறிச் சொல்ல.

மழைக்காரர்களே, மன்னியுங்கள்.
நீங்கள் அடிக்குறிப்பாவது போட்டீர்கள்.

முதல் பேருந்து ஹாரன் கேட்கும்வரை
திருத்திக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் சதுரம்: நீர் ஏறியது, ஒன்பதோடு நின்றது.
எண்ணியவர் நஸீஹா பர்வீன்.
எழுபத்தொன்பதை அதன் மழையோடு சேர்த்து
மேற்கோள் பட்டியலில் வைத்தேன்.
இடையில் வந்த இருவரையும் விடவில்லை,
வழி சொன்னவர்கள்.
'ஏறத்தாழ'வைத் தூக்கி வந்து
அதன் இடத்தில் நட்டேன்.

அட்டவணை இப்போது
முன்பல் போன வாய்போல் இருக்கிறது.

ஜெராக்ஸ் கடை. பக்கம் இரண்டு ரூபாய்.
கடைசித் தாள் சூடாக வெளியே வரும்போதுதான்
உறைத்தது:
எண்ணியதெல்லாம் வளைகள்.
உள்ளே நண்டு இருந்ததா என்று
நாங்களும் பார்க்கவில்லை,
எழுபத்தொன்பதிலும் பார்த்ததாகத் தெரியவில்லை.

பச்சைப் பேனா அதைக் கேட்குமோ என்னவோ.
ஸ்டேப்ளரில் பின் தீர்ந்துவிட்டது என்று
கடைக்காரர் குண்டூசி கொடுத்தார்.
அதைக் கையில் வைத்துக்கொண்டு
இன்னும் குத்தாமல் நிற்கிறேன்.